லுணுகங்க தோட்டமும் வீடும்: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் லுணுகங்கவைப் பூந்தோட்டம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். பெந்தோட்டையிலிருந்து உள்ளே தள்ளி, தெதுவ வாவிக் கரையில் இருக்கும் இந்த இடத்தில் பூ மிகக் குறைவு. பச்சையும் நிழலும் நீரும் பாசி படிந்த சுவர்களும்தான் அதிகம். எங்கே நின்றால் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று ஒரு மனிதர் ஏறக்குறைய 50 ஆண்டுகள் யோசித்து யோசித்துத் திருத்திய நிலம் இது. அந்தக் கண்ணோடு பார்த்தால் இலங்கையில் இதற்கு ஈடான தோட்டம் இன்னொன்று இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

பாவா இதை வாங்கியது 1948இல். அப்போது அவர் வழக்கறிஞர். இத்தாலியில் வாவிக் கரையோரம் ஒரு மாளிகை வாங்கும் எண்ணம் கைகூடாமல் ஊர் திரும்பியவர், கைவிடப்பட்ட இந்த ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதற்கும் முன்னால் இங்கே கறுவா பயிரிட்டிருந்தார்கள். தோட்டத்தைத் திருத்தத் தொடங்கிய பிறகுதான் தனக்குக் கட்டடக்கலை முறையாகத் தெரியவில்லை என்று உணர்ந்து லண்டனுக்குப் படிக்கப் போனார். 1957இல் அவர் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது வயது 38. கோட்டேயிலுள்ள நாடாளுமன்றக் கட்டடம் முதல் பல ஹோட்டல்கள் வரை பின்னால் வந்த அத்தனைக்கும் பயிற்சிக் களம் இதுவே.

முதலில் கவனிக்க வேண்டியது வீட்டின் தெற்கு முற்றத்திலிருந்து தெரியும் கறுவாக் குன்றுக் காட்சி. புல்வெளி சரிந்து இறங்கி, மறுபடி குன்றாக ஏறுகிறது. குன்றின் மேல் ஒரு மகிழ மரம், அதன் அடியில் ஒரு பெரிய சீனச் சாடி. அதற்கு அப்பால் வாவி. அதற்கும் அப்பால், தொலைவில், கட்டகுலிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் (தூபி). சாடியும் தாதுகோபமும் ஒரே கோட்டில் விழும். விகாரை வேறு ஊரில் இருக்கிறது. ஆனாலும் அது தோட்டத்தின் கடைசி மூலை போலவே தோன்றும். இதற்காகப் பாவா மரங்களை வெட்டியதோடு நிற்கவில்லை. குன்றின் முகட்டையே வெட்டித் தணித்தார், பின்னாலுள்ள நீர் தெரிய வேண்டும் என்று. இடையே ஊர்ச்சாலை ஒன்று தோட்டத்தை ஊடறுத்துப் போகிறது. தாழ்ந்த வெட்டுக்குள் அது ஓடுவதால் முற்றத்தில் நிற்பவர் கண்ணுக்குப் படாது. சைக்கிள் மணியோ ஆட்டோச் சத்தமோ கேட்டால்தான் அங்கே சாலை இருப்பதே தெரியவரும். வழிகாட்டி சொல்லாவிட்டால் நீங்களே கேட்டு, அந்த வெட்டின் விளிம்புவரை நடந்து பாருங்கள். 2003இல் மறைந்த பாவாவின் அஸ்தி இருப்பதும் இந்தக் குன்றில்தான்.

வடக்குப் பக்கம் வேறு குணம். அங்கே முற்றத்தின் விளிம்பிலிருந்து நிலம் சட்டென்று வாவியை நோக்கி இறங்கும். ஈழத்தலரி மரங்களின் கிளைகள் தரையை ஒட்டிப் படர்ந்திருப்பதைப் பாருங்கள். அது தானாக வந்த வடிவம் இல்லை, இளங்கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு வளைத்தது. கீழே வாவிக் கரையில் ஒரு சிறுத்தைச் சிலை நீரைப் பார்த்தபடி படுத்திருக்கும். தோட்டம் முழுக்க ஆங்காங்கே மணிகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஓசை. பாவா இருந்த காலத்தில், எந்த மணி அடிக்கிறது என்பதை வைத்தே ஐயா எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வேலையாட்கள் அறிந்துகொள்வார்கள். இருக்கை போட்ட இடமெல்லாம் காட்சிக்காகத் தேர்ந்த இடம். நின்று பார்ப்பதும் உட்கார்ந்து பார்ப்பதும் ஒன்றல்ல. கண்மட்டம் தாழும்போது வேலிச்செடி மறைந்து நீர் மட்டும் மிஞ்சும். பெரிய குழுவோடு போனால் வழிகாட்டி நகர்ந்துகொண்டே இருப்பார், இதற்கு நேரம் கிடைக்காது. சுற்று முடிந்த பிறகு கொஞ்ச நேரம் தங்கலாமா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டின் உள்ளே பார்ப்பதில்தான் சிக்கல். லுணுகங்க இப்போது விருந்தினர் தங்கும் ஹோட்டலாகவும் இயங்குகிறது. ஆகவே ஆள் தங்கியிருக்கும் அறைகளைப் பகல் பார்வையாளர்களுக்குத் திறக்க மாட்டார்கள். நினைவில்லமாக மட்டும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது குறைதான். ஆனால் அந்த வருமானம் இல்லாமல் இவ்வளவு பெரிய தோட்டத்தை வெட்டிச் செதுக்கிக் காப்பது கடினம். ஈர வலயத்தில் ஒரு பருவம் கத்தி படாவிட்டாலே காட்சிக் கோடுகள் எல்லாம் அடைத்துப்போகும்.

வளாகத்தில் தவறவிடக் கூடாதது 5ஆம் இலக்க வீடு. ‘பத்திக்’ எனும் மெழுகுச் சாயத் துணிக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காகப் பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டியது. நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள், வெளியே மூடிய சுவர்: யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டையும் செட்டிநாட்டு வீட்டையும் அறிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். கொழும்புக் காணி கைமாறியபோது வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி, எண்ணிட்டு, இங்கே கொண்டுவந்து மறுபடி எழுப்பினார்கள். இது சுற்றில் சேருமா என்பதைப் பதிவின்போதே கேட்டு வையுங்கள்.

போகும் வழி: கொழும்பு கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் அளுத்கமவில் இறங்குவது நல்லது, பெந்தோட்டை நிலையத்தில் எல்லா வண்டியும் நிற்காது. அளுத்கமவிலிருந்து ஆட்டோ பிடிக்கலாம். திரும்பிவரவும் சேர்த்தே கூலி பேசுங்கள், வாவிப் பக்கச் சாலையில் வெறும் ஆட்டோ கிடைப்பது அரிது. தோட்டச் சுற்றுகள் குறித்த நேரங்களில் மட்டும் வழிகாட்டியோடு நடக்கும். முன்பதிவு செய்யாமல் வாசலில் போய் நிற்க வேண்டாம். கட்டணம் மாறிக்கொண்டிருப்பதால் அதையும் அப்போதே உறுதிசெய்யுங்கள்.

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும், எனவே காலைச் சுற்றே சரி. படிகளில் பாசி பிடித்து வழுக்கும். பிடிமானமுள்ள செருப்பு அவசியம், நுளம்புக்குப் பூச எண்ணெயும் எடுத்துச் செல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருவோருக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் வடக்குச் சரிவு ஒத்துவராது, மேல்முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செடிகொடிகளில் ஆசை உள்ளவர்கள் களவிலவில் இருக்கும் பிரீஃப் தோட்டத்தையும் அதே நாளில் பார்க்கலாம். ஜெஃப்ரியின் அண்ணன் பெவிஸ் பாவா 1929இல் தொடங்கியது. அங்கே செடி வகைகள் அதிகம், அடர்த்தியும் அதிகம், வீட்டுச் சுவரில் ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் தீட்டிய ஓவியமும் உண்டு. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் லுணுகங்கவையே தேர்ந்தெடுங்கள். கொழும்பில் ஒரு நாள் மிஞ்சினால் 33ஆம் ஒழுங்கையில் பாவா வாழ்ந்த 11ஆம் இலக்க வீட்டுக்கும் போகலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மரத்தூண்கள் அங்கே நிற்கின்றன. அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.