ஜெர்மனியா, நெதர்லாந்தா, அயர்லாந்தா: இருவரும் வேலைக்குப் போக வேண்டும் என்றால்

ஓ.எம்.ஆர். பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "மியூனிக்கில் ஆஃபர் வந்தாச்சு, ஆம்ஸ்டர்டாமில் ஃபைனல் ரவுண்டு போகுது, எதை எடுக்கலாம்?" கேட்டவுடன் சுற்றி நிற்பவர்கள் சம்பளத்தை விசாரிப்பார்கள். வரியைக் கழிப்பார்கள், வாடகையைக் கழிப்பார்கள், மிச்சத்தை நூறால் பெருக்கி ரூபாயாக்குவார்கள். தனி ஆளுக்கு இந்தக் கணக்கு போதும். கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களுக்கு இது பாதிக் கணக்குதான். விசா யார் பெயரில் வருகிறதோ அவர் கையில் வேலை இருக்கிறது. கூடப் போகிறவர், நம் ஊரில் பெரும்பாலும் மனைவி, பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார். அவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் சட்டம். இதில் மூன்று நாடுகளுமே பரவாயில்லை. ஜெர்மனியில் ப்ளூ கார்டு (பட்டம் பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான அனுமதி அட்டை) வைத்திருப்பவரின் துணைக்கு எந்த வேலையும் செய்ய அனுமதி உண்டு. கிளம்பும் முன் ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. நெதர்லாந்தில் திறன்மிகு பணியாளர் அனுமதியில் போகிறவரின் துணைக்குத் தனி ஒர்க் பெர்மிட் தேவையில்லை. அயர்லாந்தில் கிரிட்டிகல் ஸ்கில்ஸ் பெர்மிட்டில், அதாவது அதிகம் தேவைப்படும் திறன்களுக்கான வேலை அனுமதியில், போகிறவரின் துணைக்கு 2019 மார்ச் முதல் ஸ்டாம்ப் 1ஜி என்ற குடியிருப்பு அனுமதி தருகிறார்கள். அதை வைத்து நேராக வேலைக்குச் சேரலாம். 2024 மே மாதத்தில் சாதாரண பெர்மிட்காரர்களின் துணைக்கும் அதையே கொடுத்துவிட்டார்கள்.

அனுமதி இருப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு. இங்கேதான் மூன்றும் பிரிகின்றன.

என் சித்தப்பா பெண் பிசியோதெரபிஸ்ட். அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் இருந்தாள். அவள் கணவருக்கு ஜெர்மனியிலும் அயர்லாந்திலும் வேலை கிடைத்தது, ஜெர்மனியில் சம்பளம் கூடுதல். வீட்டில் எல்லோரும் ஜெர்மனி என்று முடிவே கட்டிவிட்டார்கள். அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "அவருக்கு எங்க போனாலும் லேப்டாப் ஒண்ணு போதும்ணா. நான் பேஷன்ட்கிட்ட வலி எங்க இருக்குன்னு கேக்கணுமே, எந்த பாஷையில கேப்பேன்?" ஜெர்மனியில் பிசியோதெரபி அரசின் அங்கீகாரம் வாங்கிச் செய்ய வேண்டிய தொழில். பட்டத்தைச் சரிபார்ப்பார்கள், அதோடு பொதுவாக பி2 அளவு ஜெர்மன் கேட்பார்கள் (மொழித் தேர்வுகளில் ஏ1 தொடக்கநிலை, பி2 ஓரளவு சரளமாகப் பேசும் நிலை). நெதர்லாந்திலும் மருத்துவத் தொழில்களுக்கென்று உள்ள பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியும்; அதற்கு டச்சு வேண்டும். அயர்லாந்தில் கோரு என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். காகித வேலை அதிகம், மாதக்கணக்கில் இழுக்கும், ஆனால் மொழி ஆங்கிலம். அவர்கள் டப்ளினுக்குப் போனார்கள். அந்த முடிவில் எனக்கு முழுச் சம்மதம்.

நர்ஸ்களுக்கும் இதே கதைதான். ஆசிரியர், வழக்கறிஞர், மனநல ஆலோசகர் என்று எதிரில் இருப்பவரிடம் பேசிச் செய்யும் எந்தத் தொழிலானாலும் ஜெர்மனி, நெதர்லாந்து பக்கம் போனால் மொழி முதலில் வந்து நிற்கும். ஜெர்மன் கற்க முடியாது என்று நான் சொல்லவில்லை. சென்னையில் ஜெர்மன் கற்றுத்தரும் மேக்ஸ் முல்லர் பவனில் ஏ1 தொடங்கி, வேலையும் பார்த்துக்கொண்டு பி2 தொட ஒரு வருடத்துக்கு மேலாகும். அந்தக் காலத்தை இங்கேயே சம்பளத்தோடு கடப்பதும், அங்கே போய்ச் சமையலறையில் உட்கார்ந்து கடப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வழியில் போய் மனம் சோர்ந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இருவருமே ஐ.டி. என்றால்? அப்போது நெதர்லாந்து முந்துகிறது. ஆம்ஸ்டர்டாம், ஐந்தோவன் பக்கம் அலுவலக மொழி பல இடங்களில் ஆங்கிலமே. கடைக்காரர் முதல் பஸ் டிரைவர் வரை ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். வயதும் கைகொடுக்கும். 2025இல் திறன்மிகு பணியாளர் அனுமதிக்கு 30 வயதுக்கு மேற்பட்டவர் மாதம் குறைந்தது 5,688 யூரோ சம்பளம் காட்ட வேண்டியிருந்தது. 30க்குக் கீழே என்றால் 4,171 யூரோ போதுமாக இருந்தது. (இந்தத் தொகைகள் ஒவ்வொரு ஜனவரியிலும் ஏறும், கிளம்பும் வருடத்துக்கானதைப் பாருங்கள்.) வெளிநாட்டிலிருந்து வேலைக்கு எடுக்கப்பட்டவருக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரியில்லாமல் தரும் சலுகை ஐந்து வருடத்துக்கு உண்டு, 2027 முதல் அது 27 சதவீதமாகக் குறைகிறது. ஆஃபர் லெட்டரில் அந்தச் சலுகைக்கு நிறுவனம் விண்ணப்பிக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆட்டோமொபைல்காரர்கள் மட்டும் ஜெர்மனியைத் தவறவிடக் கூடாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த அனுபவத்துக்கு ஸ்டுட்கார்ட், மியூனிக் பக்கம் உள்ள மதிப்பு ஐரோப்பாவில் வேறெங்கும் இருக்காது. 2025இல் ப்ளூ கார்டுக்குக் காட்ட வேண்டிய குறைந்தபட்ச வருடச் சம்பளம் 48,300 யூரோவாக இருந்தது; ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு, பொறியியலும் ஐ.டி.யும் இதில் அடக்கம், 43,759 யூரோ சொச்சம். துணைக்கு வேலை கிடைக்கும் வரை அரசு மருத்துவக் காப்பீட்டில் அவரையும் கூடுதல் பணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். நெதர்லாந்தில் பெரியவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக மாதப் பிரீமியம் கட்ட வேண்டும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும்போது ஜெர்மனியில் கணவன் மனைவி வரிப்பிரிவை மூன்று, ஐந்து என்று மாற்றிக்கொண்டால் கையில் வருவது நன்றாகவே கூடும். ஆக, முதல் ஒரு வருடத்தை ஒற்றைச் சம்பளத்தில் ஓட்டியாக வேண்டும் என்றால் ஜெர்மனி தாங்கும்.

ஊர் சுற்றுவதற்கு வருவோம். ஐரோப்பா போகிற ஆசையில் பாதி இதுதானே. இதில் அயர்லாந்து பலத்த அடி வாங்குகிறது. ஜெர்மனி அல்லது நெதர்லாந்தின் குடியிருப்பு அட்டை கையில் இருந்தால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகள் 29க்கும், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை, விசா இல்லாமல் போய் வரலாம். வெள்ளிக்கிழமை மாலை தோன்றினால் சனிக்கிழமை காலை பாரிஸ். மியூனிக்கில் இருப்பவர் மாதாந்திர டாய்ச்லாந்து டிக்கெட்டிலேயே உள்ளூர் ரயிலில் ஏறி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் போய் இறங்கலாம். அந்த டிக்கெட் 2023இல் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63. தொலைதூர விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது.

அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. டப்ளினில் எத்தனை வருடம் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் ரோமுக்குப் போக அப்பாயின்ட்மென்ட் பிடித்து, தலைக்கு 90 யூரோ கட்டி, ஷெங்கன் விசா வாங்க வேண்டும். பக்கத்து பெல்பாஸ்ட்டுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்தான். ஆனால் அது பிரிட்டன், அதற்கும் விசா வேண்டும். என் சித்தப்பா பெண்ணிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். தொழிலா, வார இறுதியில் ஊர் சுற்றுவதா என்று வந்தால் தொழிலை எடு என்பதுதான் நான் சொன்னது. ஊரை லீவு போட்டும் பார்க்கலாம்.

வீடு பிடிப்பது மூன்று இடத்திலும் பெரும்பாடு. டப்ளின் வாடகை கண்ணைக் கட்டும். ஜெர்மனியில் காலி வீடு என்றால் பல சமயம் கிச்சனே இருக்காது: சிங்க், அடுப்பு, அலமாரி எதுவும் இல்லாமல் சுவரில் தண்ணீர்க் குழாயின் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நெதர்லாந்தில் அதற்கும் ஒரு படி மேலே, சில வீடுகளில் தரைவிரிப்பைக்கூட முன்பு குடியிருந்தவர் பெயர்த்து எடுத்துப் போயிருப்பார், வெறும் சிமென்ட் தரைதான். ஃபர்னிஷ்டு என்று போட்டிருந்தாலொழிய, முதல் மாதச் செலவில் இதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். ஜெர்மனியில் அட்வான்ஸ் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்புறம், அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சத்தம் போடும் வேலைகளும் கூடாது. இட்லி மாவைச் சனிக்கிழமையே அரைத்துவிடுங்கள்.

நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கு ஜெர்மனிதான் வேகம். ப்ளூ கார்டில் 27 மாதம் முடித்து ஏ1 இருந்தால் போதும், பி1 இருந்தால் 21 மாதம். அயர்லாந்தில் கிரிட்டிகல் ஸ்கில்ஸில் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் ஸ்டாம்ப் 4 கிடைத்து, நிறுவனத்தைச் சார்ந்திருக்கும் நிலை போய்விடும். நெதர்லாந்தில் ஐந்து வருடமும் டச்சுத் தேர்வும். பாஸ்போர்ட் மாற்றும் எண்ணம் இருந்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஜெர்மனி 2024 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, ஆனால் நம் நாடு ஏற்பதில்லை.

பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் திட்டத்தைப் பலர் கேட்கிறார்கள். 18 முதல் 30 வயது, இரண்டு வருடம், குலுக்கல் முறை; துணையை அழைத்துப்போக முடியாது. இருவருக்கும் தனித்தனியே குலுக்கலில் பெயர் வர வேண்டும் என்பதால் ஜோடிகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்குள்ள வேலையை அங்கிருந்தே ஆன்லைனில் பார்ப்பவர்களுக்கான போர்ச்சுகலின் டிஜிட்டல் நோமாட் விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப்போல் நான்கு மடங்கு மாத வருமானம் வேண்டும், 2025 கணக்கில் 3,480 யூரோ. சென்னைச் சம்பளத்தில் வெகு சிலருக்கே எட்டும்.

கம்பெனியே ஆன்சைட் அனுப்பினால் விசா வேலையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் அப்படிப் போகிறவருக்குத் தரும் அட்டை அதிகபட்சம் மூன்று வருடம், வேறு நிறுவனத்துக்குத் தாவ முடியாது. சென்னை வேலையை இருவரும் விட மனமில்லாமல், ஐரோப்பாவைப் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தால் இங்கேயே இருந்து போய் வருவதும் நல்ல வழி. 2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்கு விதி தளர்ந்திருக்கிறது: மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தது இரண்டு வருடத்துக்கும், அதற்கடுத்தது ஐந்து வருடத்துக்கும் பலமுறை போய்வரும் விசாவாகக் கிடைக்க வாய்ப்புண்டு. வயதான அப்பா அம்மாவைத் தனியே விட முடியாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

எந்த நாடானாலும் திருமணப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் துணைக்கு விசா நகராது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவு கட்டாயம், கல்யாணமான 90 நாளுக்குள் செய்ய வேண்டும். கோயில் ரசீதும் அழைப்பிதழும் போதாது. சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் இரண்டு பாஸ்போர்ட்டிலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள், சான்றிதழில் வெறும் "கே" என்று இருக்கும். ஆஃபர் வருவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அதைத் திருத்திக்கொண்டு வந்துவிடுங்கள்.