பியானோவில் அமர்ந்த வாத்தியார்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஜாஸ் பியானோ கலைஞர் எல்லிஸ் மார்சாலிஸ் 2020 ஏப்ரல் 1 அன்று, கொரோனா தொற்றுக்கு ஆளாகித் தமது 85ஆம் வயதில் காலமானபோது, அவரை நான்கு இசைக் கலைஞர்களின் தந்தை என்றே பலரும் நினைவுகூர்ந்தனர். அவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு கேட்க வேண்டிய இசைத்தொகுப்பு ஒன்று உண்டு. கொலம்பியா நிறுவனம் 1990இல் வெளியிட்ட 'ஸ்டாண்டர்ட் டைம், தொகுதி 3: தி ரெசல்யூஷன் ஆஃப் ரொமான்ஸ்' என்பது அதன் பெயர். மகன் வின்டன் டிரம்பெட் ஊதுகிறார், தந்தை பியானோ வாசிக்கிறார். பேஸ் என்னும் கனத்த ஒலித் தந்திக்கருவியில் ரெஜினால்ட் வீல், டிரம்ஸில் ஹெர்லின் ரைலி.

எல்லிஸ் 1955இல் டில்லர்ட் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வியில் பட்டம் பெற்றவர். ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டை ஜாஸ் வாசித்து மட்டும் நடத்திவிட முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1974 முதல் பன்னிரண்டு ஆண்டுகள், நகரின் படைப்புக் கலைகளுக்கான பள்ளியில் அவர் கற்பித்தார். மாணவர்கள் பாதி நாள் தங்கள் வழக்கமான பள்ளியிலும் மீதி நாள் இங்கேயும் படித்தார்கள். டெரன்ஸ் பிளான்சார்ட், டொனால்ட் ஹாரிசன், ஹாரி கானிக் ஜூனியர் ஆகிய ஜாஸ் கலைஞர்கள் அவரிடம் பயின்றவர்கள். வின்டனும் அதே பள்ளியின் மாணவரே. ஆகவே இந்தத் தொகுப்பில் எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் தந்தையும் மகனும் மட்டுமல்லர்.

தொகுப்பில் பெரும்பகுதி பழைய காதல் பாடல்கள். அவற்றுள் பல மெல்ல நடப்பவை. இத்தகைய பாடல்களில் பியானோக்காரருக்கு வெற்றிடங்களை எல்லாம் நிரப்பிவிடும் ஆசை வரும். நம் கச்சேரிகளில் பாடகர் ஒரு சங்கதியை முடித்ததும் வயலின் அதை வாங்கித் திருப்பிச் சொல்வது வழக்கம். எல்லிஸ் அப்படிச் செய்வதில்லை. டிரம்பெட் ஒரு வாக்கியத்தைச் சொல்லி மூச்சு வாங்கும் நேரத்தில் இரண்டு அல்லது மூன்று சுரங்களைச் சேர்த்து ஒருமுறை தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அந்தத் தொடுகை மகன் இதுவரை வாசித்ததற்கான பதிலாக இருப்பதைவிட, அடுத்து எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதற்கான குறிப்பாகவே பெரும்பாலும் இருக்கிறது. கரும்பலகையில் விடையை எழுதாமல் சுண்ணக்கட்டியை மாணவனிடம் நீட்டும் ஆசிரியர்களைக் கண்டவர்களுக்கு இது புரியும். உலகப் புகழ் பெற்றுவிட்ட அந்த மாணவரும் இங்கே தமது விரல்வேகத்தைக் காட்ட முனையாமல், நீண்ட சுரங்களை நிதானமாக நிறுத்தி ஊதுகிறார். தனியாக வாசிக்கும் முறை வரும்போதும் எல்லிஸ் பாட்டின் மெட்டைக் கண்ணிலிருந்து மறைய விடுவதில்லை.

முதல் உருப்படி கிங் ஆலிவரின் பெயரைத் தாங்கி வின்டன் இயற்றியது. லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு வழிகாட்டிய நியூ ஆர்லியன்ஸ் கலைஞர் அந்த ஆலிவர். தம் ஆசிரியரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு இன்னொரு ஆசிரியருக்கு வணக்கம் சொல்லித் தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறை என்று சொன்னால் நீளத்தைத்தான் சொல்ல வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட உருப்படிகள், ஒரு மணி நேரத்தையும் தாண்டுகின்றன. ஒரே அமர்வில் கேட்டால் பின்பாதியில் பாடல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, நானே இரண்டு முறை பாதியில் எழுந்துவிட்டேன். சில இடங்களில் பேஸும் டிரம்ஸும் அளவுக்கு மீறி அடங்கிப் போவதாகவும் தோன்றியது. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இதைக் கேட்பது வீண். எல்லிஸின் இடக்கை என்ன செய்கிறது என்பது அதில் தெரியவே தெரியாது. நல்ல ஹெட்ஃபோனுடன், இரவில், நாளுக்கு ஐந்தாறு பாடல்களாகக் கேட்கலாம். முதல் முறை டிரம்பெட்டைத் தொடர்ந்து சென்றவர்கள், இரண்டாம் முறை அதை விட்டுவிட்டுப் பியானோவை மட்டும் கவனிக்கட்டும்.