ஒயில் மாற்றிய கையோடு காரை எடுத்து வராதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொறிஸ் மைனரோ, ஒஸ்ரின் ஏ 40ஓ, பழைய கொறோலாவோ, எதுவானாலும் சரி. சேர்விஸ் ஸ்ரேசனில் எஞ்சின் ஒயில் மாற்றினால், ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியை, அதுதான் டிப் ஸ்டிக்கை, நீங்களே இழுத்துப் பாருங்கள். கழற்றிய பழைய பில்டரையும் கண்ணால் கண்ட பிறகு காசைக் கொடுங்கள். எங்களுக்கு நடந்ததை வாசித்தால் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று விளங்கும்.

எங்களுடையது 1098 சிசி எஞ்சின் போட்ட மொறிஸ் மைனர், அப்பா ஓடிய கார். அந்த எஞ்சினுக்குப் பில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 3.7 லீற்றர் ஒயில்தான் வேண்டும். நகரப் பக்கம் ஒரு சேர்விஸ் ஸ்ரேசனில் கொண்டுபோய் விட்டு, ஒயில், பில்டர் இரண்டையும் மாற்றச் சொன்னேன். 4 லீற்றர் கான் ஒன்றை உடைத்தார்கள். பெரும்பகுதியை ஊற்றிவிட்டு, பொடியன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டான். நிற்பாட்டிய உடனேயே ஸ்டிக்கை இழுத்தான். ஒயில் கீழ்க்கோட்டுக்குக் கிட்ட நின்றது. மறு பேச்சில்லை, கானில் மிச்சமிருந்ததையும் அப்படியே கவிழ்த்துவிட்டான்.

“தம்பி, ஒயில் இன்னும் மேலைதான் நிக்குது. பத்து நிமிசம் விட்டுத் திருப்பிப் பாருங்கோ” என்றேன். பொடியன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி, “ஐயா, பின்னாலை வேறை வாகனம் நிக்குது. அளவெல்லாம் சரி, நீங்கள் எடுங்கோ” என்று பில்லை நீட்டினார். அதற்குள் மைமலாகிவிட்டது. புது ஒயில் தேன் நிறத்தில் இருக்கும், அந்த வெளிச்சத்தில் ஸ்டிக்கில் கோடு தெரியாது.

பருத்தித்துறை வீதியில் கோப்பாய், நீர்வேலி தாண்டும் மட்டும் ஒரு குறையும் இல்லை. ஆவரங்காலுக்குப் பிறகு கிளச் வழுக்கத் தொடங்கியது. மிதித்தால் எஞ்சின் இரைகிறது, கார் இழுக்கவில்லை. வல்லை வெளியில் பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டினார். கண்ணாடியில் பார்த்தால், அவருடைய லைட் வெளிச்சத்தில் எங்கள் காரின் நீலப் புகை. அந்தக் கார் அப்படிப் புகைத்து நான் கண்டதே இல்லை.

விடிந்ததும் முற்றத்துச் சீமெந்துத் தரையில் சமமாக நிறுத்தியிருந்த காரில் ஸ்டிக்கைத் துடைத்துப் போட்டு இழுத்தேன். மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஒயில். குனிந்து கீழே பார்த்தேன். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேருகிற உறையின் அடியில் சின்னத் துளை ஒன்றும், அதில் தொங்குகிற ஸ்பிளிட் பின் ஒன்றும் இருக்கும். உள்ளே கசிகிற ஒயில் வெளியே வருவதற்கான வழி அது. காரின் ஆட்டத்தில் பின் அசைந்துகொண்டே இருப்பதால் துளை அடைபடாது. அந்தப் பின்னின் நுனியில் புது ஒயில் துளி துளியாய்த் திரண்டு விழுந்துகொண்டிருந்தது.

திரும்பப் போய்ச் சொன்னேன். ஸ்டிக்கை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. “பழைய எஞ்சின்தானே ஐயா, ரிங் தேய்ஞ்சு போச்சு. எஞ்சினை இறக்கிச் செய்தால்தான் சரிவரும்” என்று ஓவர்ஹோலுக்கு விலை சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். ஒயிலைக் கூடுதலாக விட்டது கவனக் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அதனால் வந்த புகையைக் காட்டி எஞ்சினை இறக்கச் சொல்வது பச்சை ஏமாற்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் காணக் கிடையாமல், இங்கே எத்தனையோ கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எங்கள் காரும் ஓடியது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் ஒயிலுக்குள் இறங்கும், ஒயில் இளகும், அளவும் தானாக ஏறும். அப்பா ஒவ்வொரு நாள் காலையும் ஸ்டிக்கை இழுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் காரை எடுப்பார். அப்படிக் காப்பாற்றிய எஞ்சினை, ஸ்டிக்கே பார்க்காத ஒருவர் ‘முடிஞ்சுது’ என்று சொல்வதை எப்படிப் பொறுப்பது?

நெல்லியடியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனேன். எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற தொட்டியின், அதாவது சம்பின், நட்டைத் தளர்த்தி, மேல்கோட்டுக்கு வரும்வரை அளவுச் சாடியில் ஒயிலை இறக்கினார். ஒரு லீற்றருக்கு மேலே கூட இருந்தது. 4 லீற்றர் கானில் இவ்வளவு எப்படி மிஞ்சும் என்று யோசித்தபடியே, பில்டர் உட்காருகிற கிண்ணத்தின் போல்ட்டைக் கழற்றினார். உள்ளே பழைய பில்டர் அப்படியே இருந்தது, கன்னங்கரேலென்று, மடிப்புகளுக்குள் அழுக்குக் கட்டியபடி. பில்லிலோ புது பில்டருக்குக் காசு எடுத்திருக்கிறார்கள். கணக்கு அப்போதுதான் பொருந்தியது. கிண்ணத்துக்குள் அரை லீற்றரளவு பழைய ஒயில் நின்றிருக்கிறது. சூடாறிய எஞ்சினில் அவசரமாக நட்டைக் கழற்றிப் பூட்டியதால் சம்பிலும் கொஞ்சம் தங்கியிருக்கிறது. அதற்கு மேல் முழுக் கானும் போயிருக்கிறது.

‘ஒயில் கூட இருந்தால் எஞ்சினுக்கு நல்லதுதானே’ என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். இல்லை. மட்டம் அளவுக்கு மேல் ஏறினால், சுழலுகிற கிராங்க் தண்டு ஒயிலில் அடித்து அதை நுரையாக்கும். பம்ப் அந்த நுரையை இழுத்தால் பெயறிங்குகளுக்குப் போவது பாதி காற்று, ஒயில் பிரஷர் விழும். ஒயில் சிதறி மூச்சுக்குழாய் வழியாக எரிய வருவதால் புகையும் வரும். மைனர் எஞ்சினில் இன்னொன்றும் இருக்கிறது. கிராங்கின் பின்பக்கம் இந்தக் காலத்து எஞ்சின்களில் இருக்கிற ரப்பர் ஒயில் சீல் அதில் இல்லை. தண்டிலேயே திருகு மறை வெட்டியிருக்கும், சுழலும்போது அது ஒயிலைச் சம்புக்குத் திருப்பி அனுப்பும். மட்டம் கூடினால் அதனால் சமாளிக்க முடியாது. ஒயில் நேரே கிளச் தட்டுக்குப் போகும்.

இனி, ஒயில் மாற்றினால் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது பழைய ஒயிலை இறக்கவிட்டு, சொட்டு நிற்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். புது ஒயிலை முழுதாக ஊற்ற விடாதீர்கள். கையேட்டு அளவுக்கு அரை லீற்றர் குறைய ஊற்றி, எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டால் பில்டர் நிரம்பும். நிற்பாட்டிவிட்டுப் பத்து நிமிடமாவது விட வேண்டும், பழைய எஞ்சின்களில் மேலே ஏறிய ஒயில் மெதுவாகத்தான் இறங்கும். கார் சமதரையில் நிற்க வேண்டும். கழுவுகிற இடங்களில் தண்ணீர் ஓட வாட்டம் வைத்துத் தரை போட்டிருப்பார்கள், அங்கே பார்க்கிற அளவை நம்ப வேண்டாம். முதலில் இழுப்பதைக் கணக்கில் எடுக்காமல், நூல் பிரியாத துணியால் துடைத்து, அடிவரை போட்டு மறுபடி இழுங்கள். ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் பார்த்து, குறைவாகக் காட்டுகிற பக்கத்தை எடுங்கள். புது ஒயில் தெரியாவிட்டால் வெள்ளைக் கடுதாசியில் ஒற்றிப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேல்கோடு வரை ஊற்றலாம். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றாலும் ஒன்றும் ஆகாது. அப்புறம், அடுத்த நாள் காலை எஞ்சினைத் தொடுமுன் ஒருமுறை பாருங்கள், அதுதான் நம்பக்கூடிய அளவு. ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் அது வேறு வருத்தம், தண்ணீர் கலக்கிறது. ஓடாமல் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பழைய பில்டரைக் கையில் தரச் சொல்லிக் கேளுங்கள். கிண்ணத்தின் ரப்பர் வளையமும் புதிதாகப் போட வேண்டும். பழையது பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை ஊசியால் கிளப்பி எடுக்காமல் மேலே புதியதைப் போட்டால் ஒழுகும்.

எங்கள் கார் இப்போது புகைக்கவில்லை. கிளச் தட்டு மட்டும் ஒயிலில் ஊறிப்போனதால் மாற்ற வேண்டி வந்தது, அந்தச் செலவு எங்கள் தலையில். பில்லையும் பழைய பில்டரின் படத்தையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் 1977 என்ற இலக்கத்துக்கு யாரும் எடுத்துச் சொல்லலாம், ஆனால் பில் கையில் இருக்க வேண்டும். அண்மையில் எங்காவது பில்டர் மாற்றியதாகக் காசு கொடுத்திருந்தால், கிண்ணத்தைக் கழற்றி உள்ளே ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.