ரோலிங் ஸ்டோன்ஸின் பிற்கால ஆல்பங்கள்: நான் ஏன் 'ப்ளூ அண்ட் லோன்சம்' வாங்கினேன்

பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் பிற்கால ஆல்பங்களில் ஒன்றை மட்டும் எல்.பி. இசைத்தட்டாக வாங்குவது என்று முடிவு செய்தபோது, மூன்று ஆல்பங்கள் மனதில் இருந்தன. 2005இல் வந்த 'எ பிக்கர் பேங்', 2016இல் வந்த 'ப்ளூ அண்ட் லோன்சம்', 2023இல் வந்த 'ஹாக்னி டைமண்ட்ஸ்'. வாங்கியது 'ப்ளூ அண்ட் லோன்சம்'. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

'எ பிக்கர் பேங்'கை மற்ற இரண்டு அளவுக்கு நான் கேட்டதில்லை, அதனால் அழுத்தி எதுவும் சொல்ல மாட்டேன். 16 பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. நான்கைந்தை வெட்டியிருக்கலாம். ஆனால் பாடகர் மிக் ஜாகரே ஸ்லைடு கிட்டார் (கம்பிமேல் ஒரு குழாயை வழுக்கி வாசிப்பது) வாசிக்கும் 'பேக் ஆஃப் மை ஹேண்ட்' அருமையான ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆல்பத்தில் சொந்தப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. பன்னிரண்டுமே லிட்டில் வால்டர், ஹவ்லின் வுல்ஃப், மேஜிக் சாம், ஜிம்மி ரீட் போன்றவர்கள் பாடிப் பதிந்த பழைய ப்ளூஸ். அடுத்தவர் பாட்டுக்கு எதற்குக் காசு என்று கேட்டால், நியாயமான கேள்விதான். எனக்கு அதற்கான பதில் டிரம்ஸில் இருக்கிறது.

2015 டிசம்பரில் லண்டன் பிரிட்டிஷ் க்ரோவ் ஸ்டூடியோவுக்கு அவர்கள் போனது புதுப் பாடல்களுக்காக. அறையின் ஒலி பிடிபடட்டும் என்று ஒரு லிட்டில் வால்டர் பாட்டை வாசித்தார்கள். அது நன்றாக வரவே, அப்படியே தொடர்ந்து மூன்று நாளில் முழு ஆல்பத்தையும் முடித்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்ததால், டிரம்ஸ் வாசிக்கும் சார்லி வாட்ஸ் தாளத்தைக் கொஞ்சம் இழுத்தால் மொத்தக் குழுவும் அவரோடு இழுபடுகிறது. அப்போது அவருக்கு வயது 74.

சார்லிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தைத் தட்டிக்கொண்டே வருபவர், ஸ்னேர் என்ற கணீர் டிரம்மில் அடி விழும் நொடியில் வலது கையை ஹை-ஹாட்டிலிருந்து எடுத்துவிடுவார். ஸ்னேர் தனியாகக் கணீரென்று கேட்கும். அடுத்த அடி ஒரு மயிரிழை தாமதமாக வருவதுபோல் இருக்கும். ஸ்டோன்ஸ் பாட்டு நடை போடுவது அந்தத் தாமதத்தில்தான். 'ஜஸ்ட் யுவர் ஃபூல்' பாட்டின் ஷஃபிளில் (துள்ளி நடக்கும் தாளம்) ஜாகரின் ஹார்மோனிகா முன்னால் பாய்கிறது, சார்லி அவசரமே படாமல் பின்னால் வருகிறார். 'லிட்டில் ரெயின்' மெதுவான பாட்டு, அதில் அவர் வாசிப்பது மிகக் குறைவு. எத்தனை தடவை கேட்டாலும் அந்த நிதானம் எனக்குச் சலிக்கவில்லை.

'ஹாக்னி டைமண்ட்ஸ்' வருவதற்குள், 2021இல், சார்லி காலமாகிவிட்டார். முன்பே பதிந்து வைத்திருந்த 'மெஸ் இட் அப்', 'லிவ் பை த ஸ்வோர்ட்' இரண்டில் மட்டும் அவர் இருக்கிறார். டிரம்ஸ் உள்ள மற்றவற்றில் ஸ்டீவ் ஜோர்டன். அவர் பெரிய கலைஞர், குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸோடு பல வருடம் வாசித்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய அடி பளிச்சென்று நேராக விழுகிறது. ஆண்ட்ரூ வாட்டின் தயாரிப்பும் எல்லாவற்றையும் காதுக்குப் பக்கத்தில் உரக்க நிறுத்துகிறது. இரண்டும் சேர்ந்து, ஆல்பம் பாதி ஓடுவதற்குள் எனக்கு ஒரு களைப்பு வந்துவிடுகிறது. நல்ல ஸ்பீக்கரில், எல்.பி.யில் கேட்டால் இது குறையலாம். நான் கேட்டது ஹெட்ஃபோனில்.

அதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது. லேடி காகாவும் ஸ்டீவி வொண்டரும் சேரும் 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி கிளம்புகிறது. அப்படி ஒரு பாட்டு 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆல்பத்தில் கிடையாது. 'ஹாக்னி டைமண்ட்ஸ்' கடைசியில் ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் பாட்டை மிக், கீத் இருவர் மட்டும் வாசிக்கிறார்கள். குழுவுக்குப் பெயர் தந்த பாட்டு அது. அதை நான் அடிக்கடி போடுகிறேன்.

வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம்: 'ப்ளூ அண்ட் லோன்சம்' மொத்தமே 42 நிமிடம், அதை இரண்டு தட்டில் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக்கு மூன்று பாட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் போட வேண்டும். அது தொல்லை என்றால் சிடியே போதும். ஸ்டோன்ஸை முதல்முறையாகக் கேட்கப் போகிறவர் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' எடுக்கலாம், சொந்தப் பாடல்களும் அதில் இருக்கின்றன. சார்லிக்காகக் கேட்பவர் யோசிக்காமல் 'ப்ளூ அண்ட் லோன்சம்' வாங்கலாம்.