பின்வளவில் லேடீஸ் ஸ்லிப்பர் ஓர்க்கிட்: பத்து வசந்தங்களின் அனுபவம்

இன்று காலை பாத்திக்கு முன்னால் குந்தியிருந்து எண்ணினேன். 26 குருத்துகள். ஏப்ரல் கடைசி வாரம், கனடாவின் மார்க்கம் நகரில் நிலம் இப்போதுதான் இளகியிருக்கிறது. சுண்டுவிரல் தடிப்பில், கருஞ்சிவப்புத் தோல் போர்த்திக்கொண்டு, ஒன்றை ஒன்று இடித்தபடி வெளியே வந்திருக்கின்றன. 2016 வசந்தத்தில் இதே இடத்தில் வந்தவை இரண்டுதான்.

நான் சொல்வது சன்னலோரம் வைத்து வளர்க்கும் ஓர்க்கிட் அல்ல. இது சைப்ரிபீடியம், நிலத்தில் வளர்வது. ஏறத்தாழ 50 இனங்கள் இருக்கின்றன, எல்லாமே வட அரைக்கோளத்தவை. பூவின் கீழ் இதழ் ஒரு குட்டிச் செருப்பின் முன்பகுதி போல ஊதியிருப்பதால்தான் லேடீஸ் ஸ்லிப்பர் என்ற பெயர். இலையுதிர்காலத்தில் மேலே உள்ளதெல்லாம் காய்ந்து போகும். நிலத்துக்கடியில் வேரும் அடுத்த வருடத்து முளையும் மட்டும் உறங்கும். சில இரவுகளில் மைனஸ் 25 வரை இறங்கும் எங்கள் குளிரை இது தாங்குகிறது என்பதைவிட, குளிர்காலம் என்று ஒன்று இல்லாமல் இது வாழாது என்பதே சரி.

ஆசை தொடங்கியது 2013 ஜூன் தொடக்கத்தில், புரூஸ் தீபகற்பத்தில். ஹியூரன் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனபோது, பாதையோரம் சீடார் மரங்களுக்கு நடுவே மஞ்சள் செருப்புப் பூக்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. ஓர்க்கிட் என்றால் வெப்பநாட்டுச் சாமான் என்று நினைத்திருந்த எனக்கு நம்ப முடியவில்லை. அது தேசியப் பூங்கா, ஒரு இலையைக்கூடக் கிள்ளக்கூடாது. வீட்டில் ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பினேன்.

அந்த அவசரத்தில் முதல் தவறு நடந்தது. ஒரு வார இறுதிச் சந்தையில், சாடியில் பூத்திருந்த இளஞ்சிவப்புச் செருப்புப் பூ ஒன்றை 25 டொலருக்கு வாங்கினேன். பிரின்ஸ் எட்வர்ட் தீவின் மாகாணப் பூ இந்த இனம்தான். அடுத்த வருடம் இரண்டு இலை வந்தது, பூ இல்லை. அதற்கடுத்த வருடம் ஒன்றுமே வரவில்லை. தோண்டிப் பார்த்தேன். வேர்களெல்லாம் ஒரே அளவில் மண்வெட்டியால் வெட்டுப்பட்டிருந்தன. காட்டிலிருந்து பிடுங்கிய கன்று. இந்த இளஞ்சிவப்பு இனம் பைன் காடு போன்ற இடங்களின் புளிப்பு மண்ணில் மட்டுமே நன்றாக இருக்கும், பி.எச் 5க்கும் கீழே. எங்கள் களிமண்ணும் சுண்ணாம்பு கலந்த குழாய்த் தண்ணீரும் அதற்கு ஆகவே ஆகாது. ஒரு காட்டுச் செடியின் சாவுக்குக் காசு கொடுத்திருக்கிறேன் என்பது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. யாராவது இந்த இனத்தைச் சாடியில் மலிவாக விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். மஞ்சளோ வேறு நிறமோ, எங்கே வளர்த்தது, விதையிலிருந்தா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் விட்டுவிட்டு வாருங்கள்.

சரி, எப்படி வாங்குவது? விதையிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்து விற்கும் சிறப்பு நாற்றுப்பண்ணைகள் இருக்கின்றன. செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை, செடி உறங்கும் காலத்தில், மண்ணில்லாமல் வெறும் வேராகத் தபாலில் அனுப்புவார்கள். கனடாவுக்குள் இருக்கும் பண்ணையாகப் பார்த்து வாங்குவது நல்லது. வெளிநாட்டிலிருந்து என்றால் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், செலவு செடியின் விலையைத் தாண்டிவிடும்.

2015 ஒக்டோபரில் எனக்கு வந்த பார்சலில் இரண்டு வகை இருந்தன. ஒன்று ‘கிசெலா’ என்ற கலப்பினம், பூக்கும் வயது வந்தது, இரண்டு முளை, 60 டொலர். மற்றது ரெஜினே என்ற உயரமான வெள்ளை-இளஞ்சிவப்பு இனத்தின் சிறு நாற்றுகள் மூன்று, ஒவ்வொன்றும் 15 டொலர். பையைத் திறந்தால் ஈரப் பாசிக்குள் கணவாயின் கால்களைப் போல நாலாபுறமும் நீண்ட பழுப்பு வேர்கள், நடுவில் வெண்பச்சை நிறத்தில் கூரான முளை. நுனிகள் வெள்ளையாக, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருந்தன. இதைத்தான் பார்க்க வேண்டும். கொளகொள என்றிருந்தாலோ முளை ஒடிந்திருந்தாலோ உடனே படம் எடுத்து அனுப்பியவருக்குச் சொல்லுங்கள். முளை ஒடிந்தால் ஒரு வருடம் போனதுதான். பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, இந்த வேருக்கோ அறுபது டொலர் குடுத்தனீர்?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன காரணத்தை இங்கேயும் சொல்கிறேன்.

இதன் விதை தூசு போன்றது. நெல்லுக்கும் பயறுக்கும் உள்ளே இருப்பது போல முளைக்கும் குஞ்சுக்கு வேண்டிய சாப்பாடு அதற்குள் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சணம் வந்து சேர்ந்து ஊட்டினால்தான் அது உயிர் பிடிக்கும். அப்படிப் பிடித்தாலும் ரெஜினே பூக்கப் பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகலாம். பண்ணையில் கிருமி நீக்கிய குடுவையில் ஊட்டக்கூழ் மீது விதைத்து, இருட்டில் வளர்த்து, மூன்று மாதம் குளிர்சாதனப் பெட்டியில் குளிர் கொடுத்து, பிறகு வெளியே எடுத்துப் பல வருடம் வளர்க்கிறார்கள். கிசெலா போன்றவற்றை உருவாக்கிய ஜெர்மனிக்காரர் வெர்னர் ஃப்ரோஷ், பல இனங்களைக் கலந்து, சாதாரணத் தோட்டத்தில் பிழைக்கும் செடிகளைக் கொண்டுவந்தார். கிசெலாவின் ஒரு பெற்றோர் நான் புரூஸில் பார்த்த அதே மஞ்சள் இனம், மற்றது ஆசியாவின் செந்நிற மக்ராந்தோஸ். இரண்டையும்விடக் கலப்பினம் பிடிவாதம் குறைந்தது. புதிதாகத் தொடங்குபவர் இதிலேயே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாத்திக்கு வீட்டின் கிழக்குப் பக்கத்தைத் தெரிந்தேன். காலை வெயில் பதினொரு மணி வரை, பிறகு நிழல். களிமண்ணை ஓரடி ஆழம் தோண்டி எடுத்துவிட்டு, பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) பருமணலும் பாதிக்கு மேல், மக்கிய மரப்பட்டையும் தோட்ட மண்ணும் மீதி என்று நிரப்பினேன். நடுவில் ஒரு சிறு மேடு செய்து, வேர்களைக் குடை விரித்தாற்போல் அதன்மேல் பரப்பி, முளைக்கு மேலே இரண்டு சென்ரிமீற்றர் மண் மட்டும் வரும்படி மூடினேன். வேர் கீழே போவதில்லை, பக்கவாட்டில்தான் ஓடும். ஆகவே ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். கோடையில் மண் காயக்கூடாது, குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கக்கூடாது. உரம் சித்திரையிலிருந்து ஆடி வரை, பெட்டியில் போட்ட அளவில் கால்வாசி.

இந்தத் தேங்கும் தண்ணீரில்தான் அடுத்த அடி விழுந்தது. 2017இல் ‘உல்லா சில்கென்ஸ்’ என்ற இன்னொரு கலப்பினத்தை வாங்கி, அழகுக்காகப் பெரிய சாடியில் வைத்து டெக்கில் விட்டேன். ஜனவரியில் உருகி, மழை பெய்து, மறுபடி உறைந்தது. மார்ச்சில் தொட்டபோது முளை கூழாகியிருந்தது. நிலத்தில் இருந்தவற்றுக்கு மேலே ஸ்நோ போர்வை போல இருந்தது. சாடிக்கு நாலு பக்கமும் குளிர். அதே வகையை மறுபடி வாங்கிப் பாத்தியில் நட்டேன், இப்போது ஏழு தண்டு நிற்கிறது.

மற்றத் தொல்லைகள் சிறியவை. ஓடில்லாத நத்தை ஒரே இரவில் மொட்டைத் தின்றுவிடும், மே மாதம் இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குவேன். 2020 அன்னையர் தின வார இறுதியில் திடீரென்று ஸ்நோ கொட்டியபோது, குருத்துகள் ஒரு சாண் உயரம் வந்திருந்தன. வாளிகளையும் சமையல் பானைகளையும் கவிழ்த்து மூடினேன், ஒன்றும் ஆகவில்லை. ரெஜினேயின் இலைமயிர் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும், கையுறை போடுங்கள்.

அந்த 15 டொலர் நாற்றுகள்? ஒன்று முதல் கோடையிலேயே போய்விட்டது. மற்ற இரண்டும் 2020 ஜூனில்தான் முதல் பூவைக் காட்டின. பொறுமை இருப்பவருக்குச் சரி, ஆனால் கையில் காசு இருந்தால் பூக்கும் வயதுச் செடி ஒன்று மூன்று நாற்றுகளைவிட மேல். அந்த ஐந்து வருடம் நான் தளராமல் இருக்க லனார்க் பகுதியின் பர்டன் காப்பகம்தான் காரணம். 1930களில் ஜோ பர்டன் என்பவர் தன் காணியில் கண்ட சிறு கூட்டத்தைப் பேணி வளர்த்தார். இன்று ஜூன் கடைசியில் அங்கே போனால், பலகைப் பாதையின் இருபுறமும் ஆயிரக்கணக்கில் ரெஜினே பூத்திருக்கும்.

பூக்கும் காலம் கிசெலாவுக்கு மே கடைசியில் தொடங்கி இரண்டு மூன்று வாரம். போன வருடம் ஒரு சிறிய தேனீ செருப்புக்குள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே தேன் கிடையாது. முன்பக்க விளிம்பு உள்நோக்கி வளைந்து வழுக்குவதால் வந்த வழியே ஏற முடியவில்லை. நாலைந்து நிமிடம் உள்ளேயே ரீங்காரம். பிறகு பின்பக்கத்து மெல்லிய மயிரைப் பிடித்து ஏறி, மேலே உள்ள இடுக்கில் முதலில் தலை, அப்புறம் ஒரு கால். தோளில் மஞ்சள் மகரந்தக் களி அப்பியபடி வெளியே வந்து, இலையில் இருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பறந்தது. அந்த இடுக்கில் முதலில் சூல்முடி, பிறகு மகரந்தம் என்ற வரிசை இருப்பதால், வேறு பூவிலிருந்து கொண்டுவந்ததை முதலில் இறக்கிவிட்டுத்தான் புதியதை ஏற்றிக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி தொலைபேசியில், “எனக்கும் ஒரு முளை கொண்டு வாவன் ராசா” என்று கேட்டார். அங்கே இது வராது, மூன்று மாதக் குளிர் இல்லாமல் முளை விழிக்காது. ஆனால் இதன் சொந்தக்காரர் ஒருவர் நம் பக்கமும் உண்டு: அகத்தியமலையில் மட்டுமே வளரும் பேஃபியோபீடிலம் துருரி. அதுவும் மஞ்சள் செருப்புத்தான். சேகரிப்பவர்கள் பிடுங்கிப் பிடுங்கி, காட்டில் அது அற்றுப்போகும் நிலையில் இருக்கிறது. அதைப்பற்றிச் சொன்னதும் சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப படம் அனுப்பு, காணும்” என்றார்.

கிசெலாவின் நடுப்பகுதி இந்த வருடம் நெருக்கமாகிவிட்டது. செப்டம்பர் கடைசியில் கிளப்பி, மண்ணைத் தண்ணீரில் கழுவி, பின்னிய வேர்களை ஒவ்வொன்றாக விரலால் பிரித்து, மூன்று முளைக்குக் குறையாத துண்டுகளாக நடப்போகிறேன். ஒரு துண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போகிறது. அக்கா தன் வளவின் கிழக்கு மூலையில் குழி வெட்டிவிட்டார், இரண்டு பை பெர்லைட்டும் வாங்கி வைத்திருக்கிறார்.