லிஃப்ட் போட தாரா, ஜிம்னியா?

ஜவ்வாது மலைப் பக்கம், பீஞ்சமந்தை மாதிரி ஊர்களுக்குப் போகிற நம்ம வேலூர்ப் பசங்க மஹிந்திரா தார் அல்லது மாருதி ஜிம்னி ஜீப்பை 2 அங்குலம் தூக்கலாமா (அதுதான் லிஃப்ட்) என்று யோசிக்கும்போது, முன் ஆக்சில் ஜாயிண்டைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. ஆனால் செலவு வைப்பது அதுதான்.

ஜாயிண்ட்
தார்: முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். வண்டி உயர்ந்தால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) பாடியோடு மேலே போய்விடும், சக்கரம் தரையிலேயே நிற்கும், அதனால் இரண்டையும் இணைக்கும் டிரைவ் ஷாஃப்ட் சரிந்து, அதன் முனையில் வளைந்து சுற்றும் சி.வி. ஜாயிண்ட் எந்நேரமும் கோணத்திலேயே சுற்றும். ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள் உரசிக் கிழியும், கிரீஸ் வெளியேறும், பாலாற்று மணல் உள்ளே போகும். அப்புறம் திருப்பத்தில் 'டக் டக்' சத்தம்.
ஜிம்னி: ஒரே தண்டான ஆக்சில். டிஃபரன்ஷியலும் சக்கரமும் ஒரே கோட்டில் இருப்பதால் சக்கர ஜாயிண்டின் கோணம் மாறாது.

வேறு தொல்லை
தார்: சக்கரத்தை சஸ்பென்ஷனோடு பிடிக்கும் பால் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும்.
ஜிம்னி: ஆக்சில் ஒரு பக்கம் நகரும், கேஸ்டர் (ஸ்டியரிங்கை நேராக நிறுத்தும் சாய்வுக் கோணம்) குறைந்து ஸ்டியரிங் அலையும், கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணமும் மாறும்.

செலவு
தார்: டிஃபரன்ஷியலை இறக்கும் கிட்.
ஜிம்னி: ஆக்சிலை நடுவில் நிறுத்த அட்ஜஸ்டபிள் பேன்ஹார்டு ராட், கேஸ்டரைச் சரிசெய்யும் புஷ்.

தினமும் காட்பாடி, ராணிப்பேட்டை என்று ஓட்டுகிறவர் தாரை 2 அங்குலத்துக்கு மேல் தூக்க வேண்டாம், மாதம் ஒருமுறை குனிந்து பூட்டைப் பாருங்கள். பாறையிலேயே கிடப்பவர் என்றால், சரி, ஜிம்னியை எடுங்கள்.