ரப்பர் பால்வெட்டுக்குப் போக எலக்ட்ரிக் பைக்கா, பெட்ரோல் பைக்கா?

வெளிநாட்டு வீடியோக்களில் பருத்த டயர் எலக்ட்ரிக் பைக்கில் வேட்டைக்குப் போகிறார்கள். இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டையாடினால் கம்பிதான், அதை விடுங்கள். குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்கு மேடேறுகிறவர்களுக்கு எது சரிவரும்?

செலவு: பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 2 ரூபாய்.
எலக்ட்ரிக், மேட்டில் பாதி ரேஞ்ச்தான் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) என்று வைத்தாலும் 50 காசைச் சுற்றித்தான். பேட்டரி மாற்றும் நாளில்தான் வயிறு எரியும்.

மேடு: இதில் எலக்ட்ரிக்தான் ராஜா. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை, கிளட்ச் வேலை இல்லை. ஆனால் நனைந்த செம்மண்ணில் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் பின்சக்கரம் சுற்றிவிடும். எனக்கு அப்படித்தான் கேன் சரிந்து, சிந்திய ரப்பர் பால் ஃபுட்போர்டில் ஒட்டுப்பாலாக (உறைந்த ரப்பராக) இறுகி, இரண்டு நாள் சுரண்டினேன்.

மழை: நமக்கு வருடத்துக்கு இரண்டு பருவமழை. ஐபி67 (தூசி, தண்ணீர் புகாத தர அளவு) பேட்டரி என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும், ஆனால் அதை மட்டும் நம்பி ஓடையில் இறங்கக் கூடாது. வயர் கனெக்டரிலும் சேறு ஏறாமல் பார்க்கணும்.

சத்தம்: எலக்ட்ரிக்கில் இல்லை. சுகம்தான், ஆனால் வளைவில் நிற்கிற காட்டுப்பன்றிக்கும் நாம் வருவது தெரியாது. ஹார்ன் அடியுங்கள்.

ரிப்பேர்: பெட்ரோலுக்கு எந்த ஜங்ஷனிலும் ஆள் உண்டு. எலக்ட்ரிக்கில் கண்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போனால் லோடு ஆட்டோவில் ஏற்றி மார்த்தாண்டமோ நாகர்கோவிலோ போகணும்.

தினம் 30 கிலோமீட்டருக்குள், வீட்டில் சார்ஜ் வசதி என்றால் எலக்ட்ரிக். கரண்ட் இல்லாத தோட்டத்தில் தங்கல், ரப்பர் ஷீட் கட்டும் ஏற்றணும் என்றால் பழைய பெட்ரோல் வண்டியை விற்காதீர்கள்.